பரணிலிருந்து இறங்கிய இரண்டு ஃப்ளாஷ்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லி அவர் மானத்தை வாங்கப் போவதில்லை.

"அக்கா, ஒருத்தர் அவங்க அப்பா வச்சிருந்த ஃப்ளாஷ எடுத்துனு வந்துருக்காரு. பதினஞ்சு வருஷமா பீரோவுலயே கெடந்துச்சாம். இப்ப ஃபிலிம் கேமரா ஒண்ணு வாங்கிருக்காராம், அதுல மாட்டணுமாம். புது பேட்டரி போட்டு ஒரு தடவ அடிச்சுப் பாத்துடட்டுமா?"

"சுவிட்சுல கைய வச்சே, அங்க வந்து ஒதைப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை. பத்து நிமிடம் கழித்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான். ஒரு காலத்தில் நான் அப்படிக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஏன் அப்படி என்பதைச் சொல்ல மட்டும் போனில் எனக்குப் பொறுமை வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். பெஞ்சில் புதிதாக உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் விஜயா. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட வீட்டுப் பெண். மின்னணுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் சால்டரிங் வேலை பார்த்தேன். அந்த வேலை போன பிறகு, மிஷன் வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே ஸ்டுடியோ சாமான் கடையில் கேமராவும் ஃப்ளாஷும் ரிப்பேர் செய்ய உட்கார்ந்தேன். முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான்.

அந்தக் கடையில் எனக்கு முதல் சில வருடங்கள் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். "ஏம்மா, மெக்கானிக் எப்ப வருவாரு?" என்பார்கள். "வந்தாச்சு. ஒங்க முன்னாடிதான் நிக்கிறாரு" என்பேன். அப்போதும் நம்ப மாட்டார்கள். பொருளை என் கையில் கொடுக்காமல் பாயிடம் நீட்டுவார்கள்.

அவர்கள் வாயை அடைக்க எனக்குக் கிடைத்த ஆயுதம் எங்கள் கடையின் ஒரு வழக்கம். ஃப்ளாஷ் எது வந்தாலும், கொண்டு வந்தவர் கண் முன்னாலேயே புது பேட்டரி போட்டு, முழு அளவில் வைத்து, எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் ஒரு தடவை அடித்துக் காட்ட வேண்டும். வாங்கும்போது ஒரு அடி, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு அடி. இது பாய் ஏற்படுத்திய வழக்கம், நான் வருவதற்கு முன்பே இருந்தது. சுவர் பளீரென்று வெளுத்ததும் நின்றிருப்பவர் முகம் மாறும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், ஒவ்வொரு தடவையும் "போன்!" என்று பிரெஞ்சில் 'நன்று' சொல்லிக் கையைத் தட்டுவார். அந்த வெளிச்சம் போன பிறகு மெக்கானிக் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், தேவைக்கு மேலேயே பிடித்திருந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. நோணாங்குப்பத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் ஏழுமலை, படகுத் துறையில் படகு ஓட்டுகிறவர். அவள் அஞ்சலாட்சி. முப்பத்தைந்தை நெருங்கிய வயது. கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் பழைய புடவையில் சுற்றி ஒரே மாதிரி இரண்டு ஃப்ளாஷ்கள். கேமராவுக்குப் பக்கவாட்டில் கைப்பிடியோடு நிற்குமே, அந்தப் பெரிய வகை. கீறல் இல்லை, துருவும் இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுற்றியிருந்தாள். பொருளை வைக்கத் தெரிந்த கை என்று பார்த்ததும் தெரிந்தது.

"யார் வச்சிருந்தது?" என்று கேட்டேன்.

"என்னுதுதாங்கக்கா. அரியாங்குப்பத்துல எங்கண்ணன் ஸ்டுடியோ வச்சிருந்தாரு. மஞ்ச நீராட்டு விழா, வளைகாப்புன்னா பொம்பளைங்க என்னத்தான் கூப்புடுவாங்க. ஆறு வருஷம் எடுத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் பரண்ல ஏத்திட்டேன்."

"எவ்ளோ வருஷமாச்சு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கை அதற்குள் புது பேட்டரியைத் தேடிப் போய்விட்டது. ஒரு பெண் கேமராக்காரி என் எதிரே நிற்கிறாள், அவளுக்கு நம் கைவேலையைக் காட்டுவோம் என்ற நினைப்பு எனக்கு. பேட்டரியைப் போட்டேன், முழு அளவில் வைத்தேன், சுவிட்சைத் தள்ளினேன். ஃப்ளாஷ் மெல்ல முனகி, குரல் ஏறி, ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சுவரில் அடித்தேன். பளீர்.

அஞ்சலாட்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழுமலை சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதும். "இன்னொன்னு பாருங்க" என்று மறுபடி ஏற்ற விட்டேன். இந்தத் தடவை முனகல் ஏறவில்லை, ஒரே இடத்தில் நின்று உறுமியது. கைப்பிடி சுடுவது உள்ளங்கையில் தெரிந்தது. அழுகின மீன் வாடை ஒன்று வந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. ஈரக் காகிதம் மாதிரி ஏதோ துண்டுகள் என் புடவையில் தெறித்தன.

வெடித்தது கண்டென்சர். ஃப்ளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்டுகிற டப்பா. அதற்குள் காப்பாக ஒரு மெல்லிய தோல் உண்டு. வருடக்கணக்கில் மின்சாரமே படாமல் கிடந்தால் அந்தத் தோல் நைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் காட்டினால் தோல் தானாகத் திரும்ப வளரும். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சியில்தான் ஆரம்பிப்போம். நான் எடுத்த எடுப்பில் பிரியாணியைத் திணித்துவிட்டேன்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். நான் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டோருக்குப் பொறுப்பாக ஓர் அம்மாள் இருந்தார். நாங்கள் மேடம் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். நாள்பட்ட கண்டென்சரை அவர் நேராக வேலைக்கு விடவே மாட்டார். "புதுசா பழசான்னு நான் கேக்கல. எப்பத்திலேர்ந்து சும்மா கெடக்குது? அத சொல்லு" என்பார். பதில் சொல்லாமல் ஒரு பெட்டியை எடுக்க முடியாது. ஒன்பது வருடம் தினமும் காதில் விழுந்த கேள்வி அது. தெரியாமல் செய்கிற தப்பு உங்களுக்கும் வரும், அதற்கு மன்னிப்பு உண்டு. நான் செய்தது தெரிந்த விஷயத்தைக் கைதட்டலுக்காக ஓரம் கட்டியது. அது வேறு வகை.

அஞ்சலாட்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டாவது ஃப்ளாஷை எடுத்துப் புடவையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணுதாங்கா இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஃப்ளாஷ்கள் பரணில் ஏறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. லாஸ்பேட்டையில் ஓர் அரசு அலுவலகம். அதன் புகைப்படப் பிரிவில் ஓர் இடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. ஒரு கூடத்துக்குள் முப்பது பேரை நிற்க வைத்துக் குரூப் போட்டோ எடுக்க வேண்டும். கேமரா, ஃப்ளாஷ் எல்லாம் அவரவர் கொண்டு வர வேண்டும், படச்சுருள் மட்டும் அவர்கள் கொடுப்பார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த இடத்துக்கு அவள் எழுதிப் போடுவது இதுதான் முதல் தடவை, இதுதான் கடைசித் தடவையும்.

"அவ பத்து நாளா தூங்கலக்கா" என்றார் ஏழுமலை. "கனவுல கூட 'அசையாதீங்க, அசையாதீங்க'ன்றா. நான் பயந்துனு அசையாம படுத்துருக்கேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பாய் சென்னைக்குப் போன் போட்டார். அந்த அளவு கண்டென்சர் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வராது. கடையில் வாடகைக்கு விடும் ஃப்ளாஷ்கள் எல்லாம் முகூர்த்தத்துக்குப் போயிருந்தன. விற்பனைக்கு இருந்த புது வகைகள் கேமராவின் தலையில் மாட்டுகிறவை. அவளுடைய பழைய கேமராவிலோ பக்கவாட்டில் வயர் சொருகும் சின்னத் துளை மட்டும்தான். தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள் நான்கு பேரைக் கேட்டோம். திங்கட்கிழமையும் முகூர்த்த நாள், ஒருவரும் ஃப்ளாஷைக் கையை விட்டு இறக்கத் தயாராக இல்லை.

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, "ரெண்டாவதையும் அடிச்சுப் பாத்துரு விஜயா. இருக்கா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சுரும்ல? அந்தப் பொண்ணும் வேற வழி தேடும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கெட்ட செய்தியானாலும் சீக்கிரம் தெரிந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். நெருக்கடி வரும்போது இந்த ஆசைதான் முதலில் வந்து நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நம் படபடப்பை அடக்குவதற்காகப் பொருளைச் சோதிப்போம். அந்தச் சோதனையே அதைக் கொன்றுவிடும்.

"அடிக்க மாட்டேன் பாய். திங்கக்கெழம காலைல வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"அதுக்குள்ள சரியாயிடுமாங்கா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அந்தக் கடைக்கு வந்தவர்களிடம் நான் அந்த வார்த்தையை முதன்முதலாகச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னால் மரியாதை போய்விடும் என்று அதுவரை பயந்திருந்தேன். ஒன்றும் போகவில்லை. அவள் அணைத்து வைத்திருந்த ஃப்ளாஷை என் கையில் கொடுத்தாள்.

பாய் சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "பதினோரு வருஷமா ஃப்ளாஷும் பரண்ல, கேமராக்காரம்மாவும் பரண்ல. ரெண்டு பேரும் சேந்து எறங்கி வரீங்க" என்றார்.

அஞ்சலாட்சி அவரை நேராகப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பரண்ல கெடக்கல பாய். ரெண்டு புள்ளயப் பெத்து வளத்துருக்கேன். மாமியாரு மூணு வருஷம் படுக்கையில இருந்தாங்க, தூக்கித் தூக்கிப் பாத்தேன். பரண்ல கெடந்தது ஃப்ளாஷ் மட்டுந்தான்."

பாய் "தப்புதாம்மா" என்று உடனே ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர். நீங்களும் இந்தக் கதையில் அப்படி ஒரு கருத்து தேடாதீர்கள். கண்டென்சர் வேறு, மனுஷி வேறு.

சனிக்கிழமை முழுவதும் அந்த ஃப்ளாஷுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் காட்டினேன். எந்த வயரை எங்கே இணைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பெஞ்சிலேயே சொல்லிக் கொடுப்பார்கள், நான் இழுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மீட்டர் முள் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. காப்புத் தோல் வளர வளர, உள்ளே ஒழுகிப் போகும் மின்சாரம் குறைய வேண்டும். குறையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, முள் அசையவில்லை. நாளை ஒரு நாளும் திங்கட்கிழமை விடியற்காலையும்தான் கையில் இருக்கிறது. கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் வேகமாக வளராதா என்று கை துறுதுறுத்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து, ஏற்றுவதற்குப் பதிலாக இறக்கினேன். முன்னால் வைத்திருந்ததில் பாதிக்கு இறக்கினேன். அரை மணி நேரத்தில் முள் சரிய ஆரம்பித்தது. நான் அவசரப்பட்டு முன்கூட்டியே ஏற்றியதுதான் அதைத் தடுத்திருந்தது.

சாயங்காலம் அணைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். கண்விழித்துத் தியாகம் செய்ததாகக் கதை சொல்லத் தெரியாது எனக்கு. தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர் இந்த மாதிரிப் பொருளைத் தொடவே கூடாது. அணைத்த பிறகும் அது ஆளைத் தூக்கி அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பாய் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு அஞ்சலாட்சியும் ஏழுமலையும் வந்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்கக்கா. பதினோரு வருஷம் ஆச்சு, கையே மறந்துடுச்சு. பழகணும்" என்றாள்.

வெடித்த ஃப்ளாஷை எடுத்துக் கொடுத்தேன். "இதுல பழகு."

"இதுலயா? இது செத்துப்போனதாச்சே?"

"எடை அதே எடைதான? புடிச்சுப் பழகு. எங்க நிக்கணும், எத்தன அடி, லென்ஸ எவ்ளோ தொறக்கணும், ஆளுங்கள எப்படி நிறுத்தணும், எல்லாத்துக்கும் இது போதும். வெளிச்சம் கடைசில வந்தா போதும்."

முகம் சுருங்கினாலும் வாங்கிக்கொண்டாள். கடையில் இருந்த முக்காலிகளையும் ஸ்டூல்களையும் இரண்டு வரிசையாகப் போட்டாள். முப்பது பேருக்கும் ஏழுமலை ஒருவர்தான். அவர் ஒவ்வொரு ஸ்டூலாக மாறி உட்கார்ந்தார். ஒன்றில் ஆபீசர் மாதிரி விறைத்தார், ஒன்றில் கொட்டாவி விட்டார். அவள் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் "பளிச்!" என்று அவரே வாயால் சொன்னார்.

"நீ பளிச்சுன்றப்ப கண்ண மூடுற" என்று அவள் சத்தம் போட்டாள்.

"இன்னா பண்றது, பழக்கம்."

"முப்பது பேர்ல ஒருத்தர் மூடுனாலும் படம் போச்சு. மொதல்ல பேச்சு குடுக்கணும். பேச்ச நிறுத்துனதும் எல்லாரும் கண்ணத் தொறந்து நம்மளப் பாப்பாங்க. அப்ப அடிக்கணும்."

இதைச் சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. மஞ்சள் நீராட்டு வீடுகளில் நூறு பெண்களை ஒரு கூடத்தில் வரிசைப்படுத்தியவளின் குரல் அது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கை மறக்கவில்லை, மறந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை, பாதி அளவு மின்சாரம் ஏறியிருந்தபோது ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். மங்கலாக ஒரு பொறி. பல்பு உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்தது. முழு அளவைத் தாங்குமா என்பது தெரியவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் பெஞ்சில் இருந்தேன். கடைசிக் கட்டமாகப் புது பேட்டரி போட்டு, மின்சாரம் மெல்லப் பாய்வதற்காக இடையில் ஒரு பெரிய தடையை, அதாவது ரெசிஸ்டரை வைத்து, மெதுவாக ஏற்றினேன். எட்டே முக்காலுக்கு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கைப்பிடி சுடவில்லை. உறுமல் இல்லை. தடையை எடுத்துவிட்டு மூடியைப் பூட்டினேன். வாசலில் ஏழுமலை மொபெட்டை அணைக்காமல் நின்றிருந்தார். அஞ்சலாட்சி கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கழுத்தில் கேமராவோடு.

"அடிச்சுப் பாத்துட்டீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவ அடிச்சுடுங்கக்கா. எனக்கு தைரியம் வந்துரும்."

எனக்கும் தைரியம் தேவைப்பட்டது. வெள்ளைச் சுவர் எதிரே இருந்தது, விரல் பொத்தான் மேல் இருந்தது. மூன்று நாள் வேலையின் பலனைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை யோசித்தேன். முதல் அடி நன்றாகத்தான் இருந்தது. அடித்துக் காலியானதை மறுபடி ஏற்றும்போதுதான் வெடித்தது.

"இங்க பாரு. இப்ப இதுக்குள்ள ஒரு அடி முழுசா இருக்கு. அது நிச்சயம். அத இங்க சுவத்துல அடிச்சுட்டா, திரும்ப ஏறும்போது தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தாங்கலாம், தாங்காமயும் போவலாம். அடிக்காம எடுத்துனு போனா ஒரு படத்துக்கு நான் பொறுப்பு. ரெண்டாவதுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன். இன்னா செய்யலாம், நீ சொல்லு."

அவள் ஆரஞ்சு விளக்கையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "குடுங்க. ஒண்ணுன்னா ஒண்ணு."

"அணைக்காத. எரிஞ்சுனே இருக்கட்டும். ஒரு அடி அடிச்சா அறுவது எண்ணு. விளக்கு எரிஞ்சாலும் அவசரப்படாத, அறுவது எண்ணி முடிச்சுட்டுத்தான் அடுத்தது."

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, எரிகிற விளக்கை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் வாதாடலாம். அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று என்னிடமே சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். முடிவை அவளிடம் விட்டேன். போகப் போவது என் வாய்ப்பு இல்லை, அவளுடையது.

பத்து மணிக்கு நான் ஒரு கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கும் அதே கேமரா, அதே திருகு. பாய் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினொன்றுக்கு டீ வந்தது, ஆறிப் போயிற்று.

ஒரு மணிக்கு ஏழுமலை ஓடி வந்தார். பிள்ளைகளைப் பார்க்க அவளை வீட்டுக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

"மூணு வாட்டி அடிச்சுதுக்கா! நான் வெளில வேப்ப மரத்தாண்ட நின்னுனு இருந்தேன். ஜன்னல்ல பளிச்சுன்னு ஒண்ணு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. போச்சுடா சாமின்னு நெனச்சேன். ரொம்ப நேரங்கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. மத்தவங்கல்லாம் பட்டாசு மாதிரி பத்து வாட்டி அடிச்சாங்க. இவ மூணுதான். நடுவுல இன்னா பண்ணான்ற? கத பேசினு இருந்துருக்கா! ஒசரமா இருந்தவரப் பின்னால அனுப்பி, ஒரு அம்மாவுக்குப் புடவ மடிப்பு சரி பண்ணிவுட்டு, ஒருத்தர் கண்ணாடியக் கழட்டச் சொல்லித் தொடச்சுக் குடுத்துருக்கா. அறுவது எண்ணணுமாமே?"

"ஃப்ளாஷ் சுட்டுச்சா?" என்றுதான் என்னால் கேட்க முடிந்தது.

"இல்லவே இல்லயாம். பச்சப் புள்ள மாதிரி இருந்துச்சாம்."

நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதேன். அந்த வெளிச்சத்தைப் படகுக்காரர் பார்த்திருக்கிறார், முப்பது குமாஸ்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் சுவரில் நான் அடித்துக் காட்டிய எந்த வெளிச்சத்துக்கும் கொடுக்காத சந்தோஷத்தை அது எனக்குக் கொடுத்தது.

அந்த வாரமே பாயிடம் பேசினேன். வந்ததும் அடித்துக் காட்டும் வழக்கம் அன்றோடு நின்றது. அதற்குப் பதில் ஒரு கேள்வி: "கடைசியா எப்ப அடிச்சது?" பதில் தெரியாவிட்டால் ஃப்ளாஷ் மூன்று நாள் எங்களோடு இருக்கும். முதலில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பென்ஷன்காரப் பெரியவருக்குத்தான் ரொம்ப வருத்தம், கைதட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. என்ன ஆச்சரியம், மெக்கானிக் எங்கே என்று கேட்கிறவர்களும் குறைந்து போனார்கள். ஒரு நல்ல கேள்வி கேட்கிறவளைப் பார்த்தால் மெக்கானிக் யார் என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது. வெடித்த ஃப்ளாஷுக்கும் செவ்வாய்க்கிழமை கண்டென்சர் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தி, நானே நோணாங்குப்பம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சலாட்சி கடைக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் இருந்த படம் நன்றாக இல்லை என்றுதான் முதலில் குறைபட்டுக்கொண்டாள். அதை எடுத்தவர் யாரோ, ஃப்ளாஷை நெற்றிக்கு நேராக அடித்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"வேலைல சேந்ததும் பழைய கோப்பெல்லாம் அடுக்கச் சொன்னாங்க. அதுல என்னோட தேர்வுப் படமும் இருந்துச்சு. மொத அடில எடுத்த படத்துக்குத்தான் மார்க் போட்டுருக்காங்க. அந்தப் பிரிண்டு இது. கேட்டேன், எடுத்துக்கன்னுட்டாங்க."

முப்பது பேர். அறுபது கண்களும் திறந்திருந்தன. பின்வரிசையின் ஓரத்தில், அவர்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

"அதான் ஒரே தப்புக்கா" என்று தலையைக் குனிந்தாள். "பதட்டத்துல ஜன்னல கவனிக்கல. ஃப்ளாஷ் கண்ணாடில பட்டுத் திரும்பியிருக்கு. அதுக்கு மார்க் கொறச்சுட்டாங்க."

படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனேன். சிவப்பு வட்டத்துக்குள், ஜன்னல் கண்ணாடியில், வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. திங்கட்கிழமை காலையில் என் விரலுக்குக் கீழே இருந்து, நான் அடிக்காமல் கொடுத்தனுப்பிய அதே அடி.

"இந்தப் படத்த எங்கிட்டயே குடுத்துடுறியா?" என்று கேட்டேன்.

"தப்பு இருக்கே, நல்லதா வேற ஒண்ணு போட்டுத் தரேனே?"

"வேணாம். எனக்கு இதுதான் வேணும்."

இப்போது உங்கள் பெஞ்சுக்கு எதிரே, அந்த வெள்ளைச் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.